ஒரு பகல் சினம்

கலித்தொகையில் குறிஞ்சிக்கலியின் 39ஆம் பாட்டில் ஒரு வீட்டுச் சண்டை வருகிறது. ஆற்று வெள்ளத்தில் கால் தவறிய பெண்ணை ஒருவன் பாய்ந்து கரைசேர்த்தான், அதிலிருந்து காதல். வீட்டார் அவளை வேறிடத்தில் கொடுக்கப் பார்க்கிறார்கள். தோழி துணிந்து வாய் திறக்கிறாள். நம் மலைக்காரர்கள் முறையல்லாததைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள், அதனால்தான் வள்ளிக்கிழங்கு மண்ணுக்குள் இறங்கவில்லை, மலையில் தேனடை வைக்கவில்லை என்கிறாள். சேதி அண்ணன்மார் காதுக்குப் போகிறது. அவர்கள் அம்பைப் பார்க்கிறார்கள், வில்லைப் பார்க்கிறார்கள், கண் சிவக்கிறது. ஒரு பகல் பூராவும் கொதிக்கிறார்கள். பிறகு தணிகிறார்கள். இரண்டு பேர்மீதும் குற்றமில்லை என்று தெரிந்து தலையைச் சாய்க்கிறார்கள். அடுத்தது கல்யாணப் பேச்சு.

இமையத்தின் ‘பெத்தவன்’ 2012இல் வந்தது. சாதி மாறிக் காதலித்த மகளைத் தகப்பனே கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொல்கிறது. தகப்பன் பழனி ஊர் முன்னால் தலையாட்டிவிட்டு வருகிறான். இரவில் மகள் கையில் பணத்தையும் நகையையும் கொடுத்து அவளை அனுப்பிவைக்கிறான். விஷத்தை அவன் குடிக்கிறான். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, ஒரு காதல் திருமணத்தைக் காரணமாக வைத்து, தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டன.

இந்த இரண்டு எழுத்துக்கும் இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாத தூரம். மனுஷ புத்தி எங்கே மாறியது என்று டீக்கடையில் கேட்பவர், இரண்டிலும் அதே சினம்தானே என்பார். காலம் கெட்டுப்போச்சு என்கிறவர், அன்றைக்குத் தணிந்தார்கள், இன்றைக்கு எரிக்கிறார்கள் என்பார். இருவர் சொல்வதும் பாதி சரி. மீதிப் பாதியைத் தேடுவதற்கு இலக்கியத்தைவிட நல்ல சாட்சி கிடையாது, அது கொஞ்சம் வளைந்த சாட்சி என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால்.

இந்த வழக்கு பல மொழிகளில் நடந்ததுதான். மனித இயல்பு ஒன்றே என்பதால் நடந்தது போலவே மறுபடியும் நடக்கும், அதனால்தான் என் நூல் பயன்படும் என்ற நினைப்போடு எழுதினார் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ். பழைய கிரேக்கரையும் ரோமரையும் அறிய வேண்டுமானால் பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் படித்தால் போதும் என்கிற அளவுக்கு 1748இல் டேவிட் ஹியூம் போனார். 1845இல் மார்க்ஸ், மனித சாரம் என்று தனியாக எதுவும் இல்லை, அது சமூக உறவுகளின் தொகுப்பு என்று எழுதிவைத்தார். எல்லோரையும்விடத் துடுக்காகப் பேசியவர் வர்ஜீனியா வுல்ஃப்: 1910 டிசம்பர் வாக்கில் மனித குணம் மாறிவிட்டது என்றார், 1924இல். அதற்கு அவர் காட்டிய உதாரணம் அவருடைய வீட்டுச் சமையல்காரி மாதிரியான ஒருத்தி. பழைய காலத்துச் சமையல்காரி அடித்தளத்து இருட்டில் கிடந்தாள். புதியவள் பத்திரிகை இரவல் கேட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறாள். கவனித்தால் இங்கே மாறியிருப்பது சமையல்காரியின் குணமல்ல. கூடத்துக்குள் வரலாமா கூடாதா என்கிற கட்டு. அவளுக்குப் பத்திரிகை படிக்கும் ஆசை முன்பும் இருந்திருக்கலாம், யாரும் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இதை வேறு விதமாக யோசித்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் அவர் உணர்ச்சிகளை எட்டாக வகுக்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அத்தோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எதன்மீது கால் ஊன்றி எழுகிறது என்று நந்நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறார். எனக்கு எட்டைவிட அந்த முப்பத்திரண்டில்தான் ஆர்வம். அச்சத்துக்கு அவர் தரும் நான்கு காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். இன்றைய நகரவாசிக்கு விலங்கு பயம் தெருநாயோடு சரி. புலியைக் காப்பாற்றத் தனித் திட்டமே வைத்திருக்கிறோம். அணங்கு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கள்வர் இப்போது கைப்பேசியில் கூப்பிட்டு ஓடிபி கேட்கிறார்கள். அரசன் இருந்த இடத்தில் காவல் நிலையம், நுழைவுத் தேர்வு, வங்கித் தவணை, பயாப்ஸி ரிப்போர்ட். பயப்படுகிற நெஞ்சு அதேதான், பயமுறுத்தும் பட்டியல் வேறு. அழுகைக்குச் சொன்ன நான்கோ அப்படியே நிற்கின்றன: இழிவுபடுதல், இழத்தல், நிலைகெடுதல், வறுமை. ஒன்றைக்கூட அடிக்க முடியாது.

வெகுளிக்குத் தந்த நான்கில் ஒன்றின் பெயர் குடிகோள். குடும்பத்துக்கும் குடிப்பெருமைக்கும் கேடு சூழ்தல் என்று உரையில் விரியும் சொல் அது. கலித்தொகை அண்ணன்மாரின் கண் சிவந்ததும் இதனால்தான், 2012இல் ஊர் கூடியதும் இதனால்தான். ஆக, சினத்தின் வேர் பழையது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

பசியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம், ஏனென்றால் மாறாமைக்கு வாதாடுபவர்களின் மிக வலுவான கட்சி அங்கேதான் இருக்கிறது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் தம் வீட்டை நமக்குத் திறந்து காட்டுகிறார். 160ஆம் பாட்டு. சாப்பாடு இல்லாத வீட்டையே மறந்து திரியும் பையன் என்றைக்கோ உள்ளே வருகிறான். ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று மிரட்டிப் பார்க்கிறாள், நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். எதுவும் நடக்கவில்லை. கடைசியில், அப்பா வந்தால் அவர்மேல் எப்படிக் கோபித்துக்கொள்வாய், அந்த முகத்தைக் காட்டு பார்ப்போம் என்று கேட்கிறாள். பசித்த பிள்ளையை விளையாட்டுக்குள் இழுத்து அழுகையை மறக்கடிக்கும் அந்தத் தந்திரத்தை எந்த ஏழைத் தாயும் யாரிடமும் கற்றதில்லை. படிக்கிறபோது இதற்கு வயதே தெரியாது. 163இல் அதே புலவர், வள்ளல் குமணனிடம் பெற்ற பரிசிலோடு வீடு திரும்பி, யார் என்ன என்று பாராமல், என்னைக் கேட்கவும் கேட்காமல் எல்லோருக்கும் கொடு, நாம் வளமாக வாழலாம் என்று சேர்த்துவைக்கவும் நினைக்காதே என்று மனைவியிடம் சொல்கிறார். நேற்றுவரை பானை காலி.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் படித்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய இரவு. கரிசல் நாட்டு ஏழை வீடு. புண்ணும் அழுக்குமாக, எச்சில் இலையில் கிடைத்ததைத் தின்று திரிந்த அநாதைப் பையன் ஒருவன் வாசலுக்கு வருகிறான், பெயர் ராஜா. தாயம்மாள் அவனை உள்ளே அழைத்துச் சோறு போடுகிறாள், மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். புருஷனுக்கென்று வாங்கிய துண்டு ஒன்று இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று அவள் தயங்குகிறாள். கதையின் உயிர் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். பெருஞ்சித்திரனார் பாட்டில் தயக்கம் கிடையாது. கொடை அங்கே பெருமிதம். தொல்காப்பியரும் கொடையைப் பெருமிதத்தின் கீழேதான் வைத்தார். தாயம்மாளின் கொடையில் பெருமிதம் இல்லை, கணக்கு இருக்கிறது. கணக்கைத் தாண்டிக் கை நீள்கிறது. அதே குணம்தான். ஆனால் கொடுப்பதைப் பார்க்க ஊர் இல்லை, பாடப் புலவன் இல்லை.

இதே இடத்தில் அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ கதையையும் வைக்க வேண்டும். புலிவேஷக்காரன் காதர் சினிமா ஸ்டூடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வருகிறான். அறைக்குள்ளேயே புலியாக மாறிக் காட்டுகிறான். இருந்தவர்கள் மூச்சு நின்றுபோகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் மறுபடி பசித்த மனிதன், காலில் விழுகிறான். பிறகு அவனுக்கு ஒரு வாய்ப்பு வரும்போது போட்ட கடிதம், ஆள் அந்த முகவரியில் இல்லை என்று திரும்பிவிடுகிறது. பெருஞ்சித்திரனாரும் பசித்தவர்தான். ஆனால் இளவெளிமான் என்ற சிற்றரசன் குறைவாகக் கொடுத்தபோது அதை வாங்காமல் போய், குமணனிடம் யானை பெற்றுவந்து, இளவெளிமானுடைய காவல் மரத்திலேயே கட்டிவிட்டுப் போனார். காதருக்குத் தன்மானம் குறைவா? இல்லை. புலியாக இருந்த அந்தச் சில நிமிடம் அவன் எந்தப் புலவனுக்கும் இளைத்தவன் அல்ல. ஒருவன் தராவிட்டால் இன்னொருவன் என்று போக அவனுக்கு இரண்டாவது வாசல் இல்லை, அவ்வளவுதான். ஒருவன் நிமிர்ந்து நிற்பதையும் காலில் விழுவதையும் அவன் குணமாகப் படிக்கிறோம். எத்தனை வாசல் திறந்திருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சாட்சி வளைந்தது என்று மேலே சொன்னதை இப்போது விளக்கிவிடுகிறேன். குறுந்தொகை 167ஆம் பாட்டு எல்லோருக்கும் பிடித்தது. புது மனைவி தயிரைப் பிசைந்த விரலைக் கட்டிய துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளித்த புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. இது நேற்று நம் எதிர்வீட்டில் நடந்த மாதிரி இருக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஏன் அப்படி இருக்கிறது? அகப்பாட்டில் யாருக்கும் பெயர் இருக்கக் கூடாது என்பது இலக்கணம். ஒருவர் பெயரைச் சுட்டிவிட்டால் அது அன்பின் ஐந்திணை அல்ல. பெயரை எடுத்தால் கூடவே குடும்பம், வருமானம், ஆண்டு எல்லாம் உதிர்ந்துவிடும். மிஞ்சுவது தயிரும் புகையும் முகமும். என்றைக்கும் உரியதாகத் தெரிய வேண்டும் என்று செதுக்கிய பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு, பார் மனிதன் மாறவே இல்லை என்பது ஒரு வகையில் ஏமாந்துபோவதுதான். புறப்பாட்டில் பெயர் உண்டு, ஊர் உண்டு. அது பழசாகத் தெரிகிறது. நாவல் வந்தபோது பெயர், தெரு, சம்பளம் எல்லாவற்றோடும் வந்தது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது 1879இல்தான் என்றாலும் குறுந்தொகையைவிட அது நமக்குத் தொலைவாகப்படுவது இதனால்தான்.

வளைவு இன்னொன்று உண்டு, இது பெரியது. அடியோரும் வினைவலரும், அதாவது அடிமைகளும் ஏவல் தொழில் செய்பவர்களும், ஐந்திணைக்குப் புறத்தே நிற்பவர்கள் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. அவர்களுக்குக் காதல் வராது என்று அது சொல்லவில்லை. அந்தக் காதலை உயர்ந்த பாட்டுக்குப் பொருளாக வைக்கவில்லை. அப்படியானால் சங்கப் பாட்டை வைத்து நாம் மனித இயல்பு என்று பேசுவது யாருடைய இயல்பு?

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அண்ணனைக் கொன்ற வடக்கூரானைப் பதினைந்து வயது சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுகிறான். நாவல் அந்தக் கொலையிலேயே தொடங்கிவிடுகிறது. மிச்சம் முழுக்க, அப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரிவது, சோறு பொங்குவது, பழைய கதை பேசுவது. வெகுளிக்குத் தொல்காப்பியர் சொன்ன காரணங்கள் அத்தனையும் அந்தப் பையனிடம் இருக்கின்றன. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் ஆரோக்கியத்தைக் கொண்டுவந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாருக்கே துணி வெளுத்து, வீடுவீடாகச் சோறெடுத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பெண் அவள். அவளுடைய அழுகையும் இளிவரலும் அந்தப் பழைய எட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த எட்டை வகுத்தவர்கள் பாட்டில் அவளுக்கு இடம் இருந்திருக்காது. இலக்கியத்தில் மனித இயல்பு மாறியது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் புரிந்துகொள்வேன்: மனிதர் பட்டியலில் ஆள் சேர்ந்திருக்கிறது.

கற்பு விஷயத்தில் மாறாமைக் கட்சி திணறிப்போகும். கணவன் பூதப்பாண்டியன் இறந்ததும் தீயில் இறங்கத் துணிந்த பெருங்கோப்பெண்டு, தடுத்த சான்றோர்களிடம் பேசுவது புறநானூற்றின் 246ஆம் பாட்டு. கைம்பெண்ணின் எண்ணெயற்ற கீரைச் சோற்றையும் பருக்கைக்கல் படுக்கையையும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். தீ அவளுக்குத் தாமரைக் குளம் போல. அவள் அன்பு பெரிது என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கீரைச் சோற்றை இன்னொரு தடவை படித்தால், எதிரில் இருந்த இரண்டு வழியில் எது குறைந்த கொடுமை என்றும் அவள் கணக்குப் பார்த்திருக்கிறாள் என்று தோன்றும். அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ 1903இல் வந்தபோது பால்ய விதவைக்கு மூன்றாவது வழி ஒன்று, மறுமணம், எழுத்தில் திறந்தது.

அகலிகை கதையில் இதை இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். கம்பன் அவளை மனத்தால் குற்றமற்றவள் என்று கௌதமரோடு சேர்த்துவைத்துவிட்டு மேலே போகிறான். புதுமைப்பித்தன் ‘சாப விமோசன’த்தில் அந்தச் சேர்த்துவைத்தலுக்குப் பிந்தைய வாழ்க்கையை எழுதினார். ஊர் பேசுகிறது, அவள் குமைகிறாள். வனவாசம் முடிந்து வந்த சீதை, ராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதைச் சொல்கிறாள். தன்னை மன்னித்தவனா அப்படிக் கேட்டான் என்று அதிர்ந்த அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். அந்த அதிர்ச்சி கம்பன் காலத்துப் பெண்களுக்கு வந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? வந்ததை எழுத ஆள் இல்லை.

ஜெயகாந்தன் செய்தது இதைவிட விசித்திரமான சோதனை. ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழைநாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வந்த மகளை அம்மா முதலில் அடிக்கிறாள், அலறுகிறாள். பக்கத்துக் குடித்தனம் எட்டிப் பார்க்கிறது. மழையில் நனைந்து வந்துவிட்டாள் என்று சமாளித்துக் கதவைச் சாத்திவிட்டு, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதைக்குப் பெரிய எதிர்ப்பு. சரி, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அங்கே விஷயம் கதவுக்கு வெளியே போய்விடுகிறது; அண்ணன், அந்த மகளான கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான்; ஒரு வாழ்க்கை முழுக்கத் திசைமாறிப் போகிறது. நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 1972இல் கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, இரண்டு அம்மாவும் ஒரே அம்மா என்பது. அதே பாசம், அதே பயம், அதே வாய். சேதி பக்கத்து வீட்டுக் காதில் விழுந்ததா இல்லையா என்பதே வித்தியாசம்.

போருக்கு மகனை அனுப்பும் புறநானூற்றுத் தாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டை மேடைகளிலும் போர்ப் பரப்புரையிலும் தமிழ்த் தாயின் இயல்பு என்றே காட்டிவந்திருக்கிறோம். அந்தப் பாட்டு, இவள் நெஞ்சம் கெட என்று பதறிக்கொண்டேதான் தொடங்குகிறது. பார்த்தவருக்கே அது தாங்கவில்லை. இயல்பாக இருந்திருந்தால் பாட்டாகியிருக்காது. மாறாக 46ஆம் பாட்டைப் பாருங்கள். பகைவன் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் ஆணையிட்டிருக்கிறான். அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து பார்க்கிறார்கள். அதைக் காட்டித்தான் கோவூர்கிழார் மன்னனிடம் பிள்ளைகளுக்காக வாதாடுகிறார். மாறாத மனித இயல்புக்கு ஒரே ஒரு சான்று கேட்டால், வீரத்தாயை விட்டுவிட்டு இந்தக் குழந்தைகளைத்தான் காட்டுவேன். யானை பார்க்கும் குழந்தை எந்த நூற்றாண்டிலும் அப்படித்தான் பார்க்கும். யானைக் காலில் குழந்தையை வைப்பது அப்படியல்ல. அது ஓர் ஆணை; ஆணையை எதிர்த்து ஒருவர் பேசலாம்.

கலித்தொகையும் அண்ணன்மாரின் கோபத்தைப் பாராட்டவில்லை, கண்டிக்கவும் இல்லை. அதற்கு ஒரு பகல் கொடுத்தது. அந்த ஒரு பகலில் தோழி பேசியிருந்தாள், தாய் பேசியிருந்தாள், பாட்டின் கணக்குப்படி மலையும் தேனீயும்கூடப் பேசியிருந்தன. ஊர்க்கூட்டம் கூடவில்லை. பழனிக்கு இது எதுவுமே வாய்க்கவில்லை. அவன் நெஞ்சில் மகளைக் கொல்லும் சினம் இருந்ததாகவே கதையில் தெரியவில்லை. ஊரின் சினத்தை அவன் கையில் கொடுத்து நிறைவேற்றச் சொன்னார்கள். இயல்பு மாறாது, என்ன செய்ய என்று கையை விரிக்கும்போது நாம் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

கல்லூரிப் பாடத்தில் குறிஞ்சிக்கலி ஒரு தாளிலும் ‘பெத்தவன்’ வேறொரு தாளிலும் வருகின்றன, வந்தால். தமிழ் ஆசிரியர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்திப் பார்க்கலாம். ‘பெத்தவன்’ சின்னப் புத்தகம். ஒரே உட்காரலில் முடிந்துவிடும்.